எதைக் காட்டிலும்?

சென்ற கார்த்திகை மாதத்தில் என் மருமகன் துபாயிலிருந்து விடுமுறைக்கு ஊர் வந்திருந்தான். மருமகன் என்றால் எங்கள் நாஞ்சில் நாட்டில் முதலில் சகோதரி மகன்தான். பெண்ணைக் கட்டியவர் அதற்கப்புறம். ஒரு காலத்தில் சொத்தெல்லாம் மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போய்க்கொண்டிருந்த நாடு இது. கவிமணி அந்த வழக்கத்தைப் பார்த்து, நொந்துகொண்டும் சிரித்துக்கொண்டும் ஒரு மான்மியமே பாடிவைத்தார். மருமக்கள்வழி சட்டத்தை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனாலும், மாமனிடமிருந்து மருமகனுக்குப் போக வேண்டியது எப்படியோ போய்த்தான் சேருகிறது என்பதை அன்று மாலை தெரிந்துகொண்டேன்.

மழை பெய்து ஓய்ந்திருந்தது. திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்தோம். காப்பி முடிந்ததும் என் கை வழக்கம்போல் சட்டைப் பைக்குப் போயிற்று. சிகரெட்டைப் பற்றவைத்தேன்.

"இன்னும் இதத்தான் இழுக்கியளா மாமா?" என்று கேட்டுக்கொண்டே அவன் உள்ளே போய் ஒரு சிறு பெட்டியை எடுத்து வந்தான். அதற்குள் பவுண்டன் பேனா மாதிரி ஒரு வஸ்து இருந்தது. "இது உங்களுக்குன்னு வாங்கினேன். எலெக்ட்ரானிக் சிகரெட். இதில புகையே கிடையாது மாமா, வெறும் ஆவிதான். சிகரெட்டக் காட்டிலும் எவ்வளவோ கொறவு."

சொல்லிவிட்டுத் தன் பையிலிருந்து அதே போன்ற இன்னொன்றை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தான். திண்ணை முழுவதும் மாம்பழ வாசனை அடித்தது.

"நீ எப்பலே சிகரெட் பிடிக்க ஆரம்பிச்சே?" என்று கேட்டேன்.

"சிகரெட்டா? நான் பிடிச்சதே இல்ல மாமா. இது மட்டுந்தான்."

அந்தப் பதிலைக் கேட்டுத் திருப்தி அடைவதா, திடுக்கிடுவதா என்று எனக்கு உடனே விளங்கவில்லை. அன்றிரவு படுக்கையில் புரண்டபோதுதான் அவன் சொன்ன வாக்கியத்தில் ஒரு சிறிய சொல் உறுத்தத் தொடங்கியது. "சிகரெட்டக் காட்டிலும்" என்று சொன்னானே, அந்தக் "காட்டிலும்" என்ற சொல்தான் அது. எனக்கு அந்தச் சொல் பொருந்தும். நான் இருபத்தைந்து வருஷமாகச் சிகரெட் பிடிக்கிறவன். ஆனால் சிகரெட்டையே தொடாத ஒரு பையனுக்கு அது எப்படிப் பொருந்தும்? அவன் எதைக் காட்டிலும் குறைவாகக் கெட்டுப்போகிறான்?

இதை நியாயாதிபதி மாதிரி உட்கார்ந்து எழுதுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவன் எட்டு வயதுப் பையனாக இருந்தபோது, முக்குக் கடையில் எனக்குச் சிகரெட் வாங்கி வரும் வேலை அவனுடையது. மீதிச் சில்லறைக்குக் கடலை மிட்டாய் வாங்கிக்கொள்ளலாம் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குச் சிகரெட் விற்கக்கூடாது என்று 2003-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. கடைக்காரரும் நானும் சேர்ந்து அந்தச் சட்டத்தை வாரத்தில் நாலு தடவை மீறினோம். மாமன் கையிலிருந்து சுருள் சுருளாகப் போகும் புகையை அந்தச் சிறுவன் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. நான் அவனுக்கு வயல் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காமலே ஒன்றைக் கொடுத்துவிட்டேன்.

இந்தக் கருவியைப் பற்றிச் சில நாட்கள் தேடிப் படித்தேன். ஒரு வைத்திய நண்பரையும் தொந்தரவு செய்தேன். நான் விஞ்ஞானி அல்ல, கதை எழுதுகிறவன். தெரிந்துகொண்டதை வாசகர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இதைக் கண்டுபிடித்தவரின் கதையே ஒரு நாவலுக்கு ஆகும். ஹோன் லிக் என்ற சீன மருந்தாளர் கடுமையாகப் புகை பிடிப்பவர். அவருடைய தந்தையும் அப்படித்தான். நுரையீரல் புற்றுநோயால் அவர் இறந்தார். மகன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வழி தேடி, 2003-ஆம் ஆண்டில் இந்தக் கருவியை உருவாக்கினார். புகையிலையை எரித்தால் தாரும் கார்பன் மோனாக்சைடும் ஆயிரக்கணக்கான இதர ரசாயனங்களும் உண்டாகின்றன. அவற்றில் எழுபது வரை புற்றுநோய் தரக்கூடியவை. எரிக்காமல் நிக்கோட்டினை மட்டும் ஆவியாக்கி இழுத்தால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை. மின்கலம் ஒரு சிறு கம்பிச் சுருளைச் சூடாக்கும். சுருள் ஒரு திரவத்தை ஆவியாக்கும். திரவத்தில் இருப்பவை கிளிசரின், புரோப்பிலீன் கிளைக்கால், நிக்கோட்டின், வாசனைச் சரக்கு. ஆக, இது பிறந்தது ஒருவன் தப்பித்துக்கொள்ளும் ஆசையில். இதைக் கண்டித்துப் பேசுகிறவர்கள் இந்தப் பிறப்பை மறந்துவிடக்கூடாது.

ஆனால் "வெறும் ஆவிதான்" என்று என் மருமகன் சொன்னது சரியல்ல. இட்லிப் பானையிலிருந்து வருவதுதான் வெறும் ஆவி. கருவியில் சுருள் அதிகம் சூடேறினால் அந்தத் திரவமே சிதைந்து, பார்மால்டிஹைடும் அக்ரோலினும் உண்டாகின்றன. சுருளிலிருந்து நிக்கல், குரோமியம், காரீயம் போன்ற உலோகங்களின் துணுக்குகள் ஆவியில் கலந்து வருவதையும் கண்டிருக்கிறார்கள். இவற்றின் அளவு சிகரெட்டுப் புகையில் உள்ளதைவிடப் பொதுவாகக் குறைவுதான். ஆனால் நல்ல காற்றை மட்டும் சுவாசித்துக்கொண்டிருந்தவனுக்கு அது குறைவு அல்ல, புது வரவு.

வாசனைச் சரக்குகளைப் பற்றிக் கேட்டால், "எல்லாம் பலகாரத்தில் போடுகிற சரக்குதானே?" என்கிறார்கள். வாஸ்தவம். ஆனால் வயிற்றுக்குப் போவது வேறு, நுரையீரலுக்குப் போவது வேறு. வயிற்றுக்குப் போவதைக் குடலும் கல்லீரலும் அலசிப் பார்த்த பிறகே ரத்தத்துக்கு அனுப்புகின்றன. நுரையீரலில் அப்படிப்பட்ட சோதனைச் சாவடி கிடையாது. அமெரிக்காவில் மிசௌரி மாகாணத்தில் சோளப்பொரி தயாரிக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர்களுக்கு, 2000-ஆம் ஆண்டு வாக்கில், மூச்சுக்குழாயின் நுண்கிளைகள் தழும்பேறி அடைத்துக்கொள்ளும் தீராத நோய் கண்டது. ஆராய்ந்து பார்த்ததில் வெண்ணெய் வாசனைக்காகச் சேர்க்கும் டைஅசிட்டைல் என்ற சரக்கின் ஆவியே காரணமென்று தெரிந்தது. அந்தப் பொரியைத் தின்றவர்களுக்கு ஒன்றுமில்லை. ஆலையில் நின்று ஆவியைச் சுவாசித்தவர்களுக்குத்தான் ஆபத்து. பின்னால் சில எலெக்ட்ரானிக் சிகரெட் திரவங்களிலும் இந்தச் சரக்கு இருக்கக் கண்டார்கள்.

2019-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்தது இன்னும் பயங்கரமானது. திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிகளில் வந்து விழுந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர்; அவர்களில் 68 பேர் இறந்தார்கள். இதைச் சொல்கிறவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். மீதியையும் சொல்வதுதான் நியாயம். அவர்களில் பெரும்பாலோர் கள்ளச் சந்தையில் கஞ்சாச் சத்துக் கலந்த திரவம் வாங்கி இழுத்தவர்கள். அதைக் கெட்டியாக்குவதற்காகக் கலந்த வைட்டமின் ஈ அசிட்டேட் என்ற எண்ணெய்தான் முக்கியக் காரணம் என்று தெரியவந்தது. எல்லாத் திரவத்திலும் அந்த எண்ணெய் இல்லை. ஆனால் கையிலிருக்கும் குப்பியில் எது இருக்கிறது, எது இல்லை என்பதை இழுக்கிறவன் எப்படி அறிவான்? நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் சிங்கப்பூரில் எட்டோமிடேட் என்ற மயக்க மருந்தை இந்தக் கருவிகளில் கலந்து விற்றார்கள். 2025 செப்டம்பர் முதல் தேதி முதல் அந்த மருந்தைப் போதைப் பொருள் பட்டியலில் சேர்த்துத் தண்டனையைக் கடுமையாக்க வேண்டியதாயிற்று.

இனி நிக்கோட்டின். அது இருதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும். கர்ப்பிணியின் வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கும். மூளை வளர்ந்து முடிய இருபத்தைந்து வயது வரை ஆகிறது என்கிறார்கள்; வளரும் மூளையில் அது ஆழமாக வேரூன்றிவிடும். முதல் சிகரெட் என்னை இருமவைத்தது, தலையைச் சுற்றவைத்தது. அந்த இருமல், "வேண்டாம்" என்று உடம்பு சொன்ன புத்திமதி. அதை மீறித்தான் நான் கெட்டுப்போனேன். இந்தக் கருவியிலோ அந்தப் புத்திமதியே இல்லை. நிக்கோட்டினை உப்பாக மாற்றித் தொண்டைக் காரலைப் போக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 2015-இல் வந்த ஜூல் என்ற கருவியின் ஒரு சிறு குப்பியில், ஏறக்குறைய இருபது சிகரெட் கொண்ட ஒரு பாக்கெட்டின் நிக்கோட்டின் இருந்தது. பாக்கெட் தீர்ந்தால் கைக்குத் தெரியும்; குப்பி தீருவது அவ்வளவாகத் தெரியாது. 2019-இல் அந்த நாட்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் நூற்றுக்கு இருபத்தேழு பேருக்கு மேல் எலெக்ட்ரானிக் சிகரெட் உபயோகித்தார்கள் என்று கணக்கெடுத்தார்கள். அவர்களில் எத்தனை பேர் அப்பனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்துவிட்டுத் தப்ப வழி தேடியவர்கள்?

இருபது வருஷத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று வைத்திய நண்பரைக் கேட்டேன். அவர் என் கையிலிருந்த சிகரெட்டைக் காட்டி, "இதைப் பற்றித் தெரிந்துகொள்ள எத்தனை வருஷமாயிற்று?" என்று திருப்பிக் கேட்டார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிகரெட் உலகெங்கும் பரவிவிட்டது. டாலும் ஹில்லும் லண்டன் நோயாளிகளை விசாரித்து, நுரையீரல் புற்றுநோய்க்கும் புகைபிடிப்பதற்கும் உள்ள தொடர்பைக் காட்டியது 1950-இல். அமெரிக்க சர்க்காரின் தலைமை வைத்தியர் அதைத் திட்டவட்டமாக அறிவித்தது 1964-இல். இடையில் எத்தனை ஜனங்கள் நிம்மதியாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்! "தீங்கு நிரூபிக்கப்படவில்லை" என்பதும் "தீங்கு இல்லை என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறது" என்பதும் ஒன்றல்ல. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கின்றன.

"குறைவு" என்ற சொல்லுக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஆஸ்துமாவுக்கு ஊமத்தையைப் புகைக்கும் வழக்கம் நம் நாட்டிலிருந்து, அதுவும் சென்னையிலிருந்த ஆங்கில வைத்தியர்கள் மூலமாக, 1802 வாக்கில் இங்கிலாந்துக்குப் போயிற்று. பிறகு ஊமத்தைச் சிகரெட்டே மருந்துக் கடைகளில் விற்றார்கள். பிரெஞ்சு நாவலாசிரியர் புரூஸ்ட் கூட அதைப் புகைத்தவர்தான். ஊமத்தையில் மூச்சுக் குழாயைத் தளர்த்தும் சத்து இருப்பது உண்மை. ஆனால் அதைப் புகையாகத்தான் உள்ளே அனுப்ப வேண்டியிருந்தது. 1950-க்குப் பிறகு சிகரெட்டின் மேல் பயம் பிறந்ததும், கம்பெனிகள் வடிகட்டி வைத்துக் கொடுத்தன. அமெரிக்காவில் கென்ட் என்ற சிகரெட் 1952-இல் ஓர் அதிசய வடிகட்டியோடு வந்தது. உடம்பைக் காப்பதில் அதற்கு இணையில்லை என்று விளம்பரம் செய்தார்கள். 1956 வரை அந்த வடிகட்டிக்குள் இருந்தது கல்நார்! அதுவே புற்றுநோய் தரும் வஸ்து. பயந்தவர்களுக்காகத் தயாரித்த காப்பு, பயந்த பொருளைவிட மோசமானதை மூச்சுக்குள் கொண்டுபோயிற்று. இதனால் எலெக்ட்ரானிக் சிகரெட்டும் அப்படித்தான் ஆகும் என்று நான் சொல்லவில்லை. "குறைவு" என்று விற்கிறவன் சொல்லும்போது, வாங்குகிறவன் கொஞ்சம் நின்று யோசிக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.

எதிர்க்கட்சியையும் கேட்போம். இங்கிலாந்தில் பொதுச் சுகாதார இலாகா 2015-இல், இது சிகரெட்டைவிட ஏறக்குறைய 95 சதவீதம் தீங்கு குறைந்தது என்று கூறியது. அந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதில் அறிஞர்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் 2019-இல் அங்கே வெளியான ஒரு பரிசோதனையை அலட்சியம் செய்ய முடியாது. சிகரெட்டை விட விரும்பிய 886 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிக்கோட்டின் சூயிங்கம் போன்றவற்றையும், மறு பாதிக்கு எலெக்ட்ரானிக் சிகரெட்டையும் கொடுத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சூயிங்கம் பாதியில் நூற்றுக்குப் பத்துப் பேரும், எலெக்ட்ரானிக் பாதியில் பதினெட்டுப் பேரும் சிகரெட்டை விட்டிருந்தார்கள். என் போன்றவனுக்கு இது நல்ல செய்தி. ஆனால் அந்தப் பதினெட்டில் ஐந்தில் நாலு பங்குப் பேர் கருவியை விடவில்லை. சிகரெட்டின் கையை உதறிவிட்டு இதன் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அதே இங்கிலாந்துதான், சிறுவர்கள் கையில் இது போய்ச் சேர்ந்ததைக் கண்டு, ஒரு தடவை உபயோகித்து எறியும் கருவிகளை 2025 ஜூன் முதல் தேதியிலிருந்து தடை செய்தது.

நம் தேசம் வேறு வழியில் போயிற்று. தமிழ்நாடு 2018-இல் தடை விதித்தது. 2019 செப்டம்பர் 18-ஆம் தேதி மத்திய சர்க்கார் அவசரச் சட்டம் கொண்டுவந்து, அந்த ஆண்டு முடிவதற்குள் அதை முழுச் சட்டமாக்கியது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவை ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். அதாவது, என் மருமகன் எனக்கு அன்போடு கொண்டுவந்த பரிசு சட்டப்படி வரக்கூடாத சரக்கு. துபாயில் கடையில் வைத்து விற்பதை ஊருக்குக் கொண்டுவரக் கூடாது என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அவனுக்கு நான் அதைச் சொன்னபோது அவன் கேட்ட கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "கொறஞ்சதுக்குத் தடை, கூடினதுக்குத் தேர்முக்கில கடையா மாமா?"

உண்மைதான். 2016-17-ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு இருபத்தெட்டுப் பேருக்கு மேல் ஏதாவதொரு உருவத்தில் புகையிலை உபயோகிக்கிறார்கள். அதைத் தொடச் சர்க்காருக்குத் தைரியமில்லை. வரி வருகிறது, பயிரிடுகிறவர்களும் பீடி சுற்றுகிறவர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். இதுவும் நமக்குப் புதிதல்ல. எங்கள் ஜில்லா 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்கு ஒரு காலத்தில் பெரிய சந்தை திருவிதாங்கூர்தான். அந்த வியாபாரத்தை அரசே ஏகபோகமாக வைத்திருந்தது. என் பாட்டாவின் வெற்றிலைச் செல்லத்தில் ஒரு தனி அறை அந்தப் புகையிலைக்கு உண்டு. அரசன் விற்றான், பாட்டா மென்றார், அப்பா பீடி குடித்தார், நான் சிகரெட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைக் காட்டிலும் நாகரிகமானது என்று நினைத்துக்கொண்டுதான் மாறிற்று. மாம்பழ வாசனை இந்த வரிசையில் கடைசி.

இருந்தாலும் மருமகன் கேள்விக்குப் பிறகு யோசித்ததில் ஒன்று தோன்றியது. பழைய கிணறு ஒன்று ஊர் நடுவில் திறந்து கிடக்கிறது. அதை மூட முடியவில்லை. அதற்காகப் பக்கத்தில் புதுக் கிணறு வெட்டுவதையும் தடுக்கக்கூடாது என்று வாதம் செய்ய முடியுமா? ஆனால் புதியதைத் தடுத்துவிட்டோம் என்று பெருமை பேசிப் பழையதை மறந்துவிடுவது இதைவிடப் பெரிய பிழை. பழைய கிணற்றுக்குள் கிடக்கிறவன் ஏறி வர ஒரு கயிறாவது கொடுக்க வேண்டாமா? அந்தக் கயிறு இந்தக் கருவிதானா, வேறா என்பதை வைத்தியர்கள் சொல்லட்டும். சூயிங்கம் மருந்துக் கடையில் கிடைக்கிறது; விட நினைப்பவர்களுக்கு ஆலோசனை சொல்லும் சர்க்கார் தொலைபேசியும் இருக்கிறது. எனக்கு இத்தனை நாளும் கயிறு கிடைக்காமல் இல்லை. ஏற மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரே பொருள் ஒருவனுக்கு இறங்குபடியாகவும் இன்னொருவனுக்கு ஏறுபடியாகவும் இருக்கிறது. சிகரெட்டிலிருந்து அதற்குப் போனால் நான் ஒருவேளை இறங்குவேன். ஒன்றுமில்லாததிலிருந்து அதற்குப் போன அவன் ஏறிவிட்டான். ஆகையால் "இது நல்லதா கெட்டதா?" என்ற கேள்விக்குப் பொருளைப் பார்த்துப் பதில் சொல்ல முடியாது, ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். நாம் நமக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானங்களில் பாதி, பிறருடைய அளவுகோலைக் கடன் வாங்கி நம்மை அளப்பதுதான். லஞ்சம் வாங்குகிறவன் தன்னைவிட அதிகம் வாங்குகிறவனைக் காட்டுகிறான். மனைவியை ஏசுகிறவன் அடிக்கிறவனைக் காட்டுகிறான். என் மருமகனோ என்னைக் காட்டிவிட்டான். அவன் தேர்ந்துகொண்ட அளவுகோல் நான்தான் என்பதுதான் என்னை உறங்கவிடவில்லை.

அவன் புறப்படுவதற்கு முந்தின நாள் சங்குத்துறைக் கடற்கரையில் இதையெல்லாம் அவனிடம் சொன்னேன். உபதேசமாக ஆரம்பித்தது எப்படியோ மன்னிப்புக் கேட்பதாக முடிந்தது. அவன் வெகுநேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செரி மாமா. நீங்க விடுங்க, நானும் விடுதேன்" என்றான். இரண்டு கருவிகளையும் மறுநாள் காலை மின்சாதனக் கழிவு வாங்குகிறவரிடம் கொடுத்தோம். என் பாக்கெட்டில் மீதியிருந்த ஆறு சிகரெட்டுகளை அவன் எண்ணிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் போட்டான்.

அதன் பிறகு தினமும் இரவு அவனிடமிருந்து ஒரு செய்தி வரும்: "இன்னைக்கும் இல்ல மாமா." நானும் அதையே பதிலாக அனுப்புவேன். ஐம்பது நாள் இப்படி ஓடியது. சென்ற செவ்வாய்க்கிழமையிலிருந்து அவனுடைய செய்தி வரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் மரியாதை அல்ல. அதே செவ்வாய்க்கிழமை, ஒரு கதை முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த எரிச்சலில், வடசேரிப் பக்கம் ஒரு கடையில் நின்று ஒரு சிகரெட் வாங்கிப் பிடித்துவிட்டேன்.

ஒன்றுதானே, முன்பு பிடித்ததைக் காட்டிலும் எவ்வளவோ குறைவு என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதை எழுதி முடித்ததும் அவனைப் போனில் கூப்பிடப் போகிறேன். அவன் என்ன செய்தான் என்று விசாரிப்பதற்கு முன்னால், நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.